தினமும் போய்வருவதா, அங்கேயே தங்குவதா, தூரம் போவதா: குமரி மாவட்டத்துப் பட்டதாரியின் முதல் ஊர்

சித்தி மகளுக்குப் போன மாதம் மூன்று வேலைக் கடிதங்கள் வந்தன. முதலாவது திருவனந்தபுரத்தின் ஐ.டி. வளாகமான டெக்னோபார்க்கில் ஒரு சிறிய நிறுவனம். ஆறு மாதம் பயிற்சி, அப்போது மாதம் 14,000 ரூபாய், பிறகு 20,000. இரண்டாவது சென்னை சோழிங்கநல்லூரில் கொஞ்சம் பெரிய நிறுவனம். வருடத்துக்கு 3.36 லட்சம் என்று போட்டிருந்தார்கள். மூன்றாவது பெங்களூரில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். மாதம் 15,000, வேலை பிடித்துப்போனால் தொடர்ந்து வைத்துக்கொள்வார்களாம்.

மார்த்தாண்டத்தில் சித்தி வீட்டுக்கு நான் போனபோது ஆளுக்கொரு கட்சியாக இருந்தார்கள். தாம்பரத்தில் மாமா இருக்கிறார், அதனால் சென்னை என்றார் சித்தி. கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் பெங்களூர் போகிறார்கள், அதனால் தானும் போக வேண்டும் என்றாள் அவள். சித்தப்பா அதிகம் பேசவில்லை. "திருவனந்தபுரம்னா பக்கம்தானே மக்களே, தினமும் போய்ட்டு வரலாம்லா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த வார்த்தை கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது, அவர்கள் முன்னால் இருந்தவை மூன்று வழிகள் அல்ல, நான்கு. திருவனந்தபுரத்துக்குத் தினமும் போய்வந்து வேலை பார்ப்பது ஒன்று, அங்கே தங்கி வேலை பார்ப்பது வேறு ஒன்று.

இந்த நான்கையும் நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். 2012-ல் படிப்பு முடித்ததிலிருந்து தினமும் திருவனந்தபுரம் போய்வந்தேன், பிறகு சென்னையில் சில வருடம், பெங்களூரில் சில வருடம், இப்போது டெக்னோபார்க் இருக்கிற கழக்கூட்டத்தில். அதனால் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கில் முதலில் அடித்து நீக்கிவிட வேண்டியது, வீட்டில் இருந்துகொண்டே தினமும் போய்வருவது. நம் மாவட்டத்தில் பெற்றோர் மிகவும் விரும்புகிற வழியும் அதுதான்.

முதலில் தினசரிப் பயணம்

மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் மாநில எல்லையான களியக்காவிளை தாண்டியதும் சாலை ஒடுங்கிவிடும். நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் காலை நேரத்தில் பேருந்து ஊர்ந்துதான் போகும். திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் நகரத்தைக் கடந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். ரயில் கொஞ்சம் மேல். நான் போன நாட்களில் அது 1979-ல் போட்ட ஒற்றைப் பாதையாகவே இருந்தது. எதிரே வருகிற வண்டிக்காகப் பாறசாலையில் நின்ற நேரத்தைக் கணக்கெடுத்தால் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம் என்று அப்போது ஏக்கமாக இருக்கும். இரட்டைப் பாதை வேலை இப்போது நடந்துவருகிறது, நிலைமை மாறும். ஆனாலும் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். மாதத்தில் 22 வேலைநாள் என்றால் 88 மணி நேரம். அதாவது பதினோரு வேலைநாள் சாலையிலும் தண்டவாளத்திலும் போய்விடுகிறது. உடம்பு வலி இருபத்திரண்டு வயதில் பெரிய விஷயமில்லை. எனக்கு நேர்ந்த நஷ்டம் வேறு. எங்கள் குழுவில் பெரியவர்கள் பகலெல்லாம் தங்கள் வேலையில் மூழ்கியிருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல், சாயா குடித்துவிட்டு வந்து, "இங்கே பார், இந்தப் பிழை ஏன் வந்தது தெரியுமா" என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் அந்த நேரத்தில் ரயிலுக்காக ஓடிக்கொண்டிருப்பேன். ஏழாவது மாதம் என் பயிற்சி முடிந்தபோது மேலாளர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "நல்ல பெண், ஆனால் எப்போது பார்த்தாலும் கிளம்பிக்கொண்டே இருக்கிறாய்." அந்த வேலை நிரந்தரமாகவில்லை. கூடவே சேர்ந்து கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கிய இருவருக்கு ஆனது. அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் வரச் சொல்கிற வேலை என்றால் சரி. வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்து, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றாலும் வேறு வழியில்லை. மற்றபடி, மிச்சமாகிற ஆறாயிரம் ரூபாய் வாடகைக்காக முதல் வேலையின் மாலை நேரங்களை விற்றுவிடாதீர்கள்.

மூன்று ஊர், மூன்று கணக்கு

அன்று மாலை அவளும் நானும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விடுதிகளுக்குப் போன் செய்து கேட்ட வாடகையை வைத்துப் போட்ட கணக்கு இது. உங்களுக்குக் கொஞ்சம் கூடும், குறையும்.

அதற்கு முன் சென்னைக் கடிதத்தில் இருந்த 3.36 லட்சத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் 28,000. அவள் அதையே சம்பளம் என்று நம்பியிருந்தாள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தோம். நிறுவனம் கட்டுகிற பி.எஃப். 1,800 அதற்குள்ளேயே இருந்தது. அவள் பங்குக்கு இன்னொரு 1,800 பிடிப்பார்கள். பணிக்கொடை என்று ஏறத்தாழ 700, அது இப்போது கைக்கு வராது. வருடக் கடைசியில் வேலையைப் பார்த்துத் தருவதாகச் சொல்கிற தொகை மாதத்துக்கு 1,200. இவ்வளவும் போனால் கையில் வருவது 22,500. பி.எஃப். பணம் வீணல்ல, அது அவள் பெயரில் சேர்கிற சேமிப்பு. ஆனால் மாத வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாது.

சென்னையில் மூன்று பேர் பகிரும் அறை, காலையும் இரவும் சாப்பாட்டோடு 8,500. மதியச் சாப்பாடு 2,000. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் ஆட்டோ, மற்ற பேருந்து எல்லாம் சேர்த்துப் போக்குவரத்துக்கு 1,000 போதும் என்று வைத்தோம். கைச்செலவு 1,500. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக 1,200. மொத்தம் 14,200. மிச்சம் 8,300.

கழக்கூட்டத்தில் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் 6,000. மதியம் 1,500, உள்ளூர்ப் போக்குவரத்து 500, கைச்செலவு 1,200, வாராவாரம் ஊருக்கு வந்துபோக 800. மொத்தம் 10,000. பயிற்சிக் காலத்தில் மிச்சம் 4,000. ஆறு மாதம் கழித்து 10,000.

பெங்களூரில் அறை 9,500, மதியச் சாப்பாடு 2,500, போக்குவரத்து 1,500, கைச்செலவு 1,500, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வர மாதத்துக்கு 600 என்று ஒதுக்கினால் 15,600. வருவது 15,000. அதாவது வேலைக்குப் போய், வீட்டிலிருந்து மாதம் 600 ரூபாய் வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வேலை உறுதியும் இல்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம்தான். ஆனால் அது அந்த மாநிலத்தவருக்கு. நம் ஊர் முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

கணக்கு மட்டும் பார்த்தால் முதல் ஆறு மாதத்தில் சென்னை ஜெயிக்கிறது. வீட்டுக்கு உடனே மாதம் ஐந்தாயிரமாவது அனுப்பியாக வேண்டிய பிள்ளை என்றால் நான் மேற்கொண்டு யோசிக்கவே மாட்டேன், சென்னைக்குத்தான் அனுப்புவேன். சித்தப்பா வாங்கியது கல்விக் கடன். வழக்கமான விதிப்படி படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்குகிறது. அதனால் அவளுக்கு ஒரு வருடம் மூச்சுவிட இடம் இருந்தது. கடன் வாங்கிப் படித்த எல்லோரும் வங்கிக்குப் போய் அந்தத் தேதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஊர் என்பதை அந்த ஒரு தேதியே பாதி முடிவு செய்துவிடும்.

சென்னை

சென்னையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கு உருப்படியாக வேலை கற்றுக்கொடுத்த ஊர் அது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் ஐ.டி. நிறுவனங்கள். ஒரு இடம் சரிப்படவில்லை என்றால் விடுதியை மாற்றாமலே அடுத்த வேலைக்குப் போய்விடலாம். திருவனந்தபுரத்தில் அவ்வளவு சுலபமாக முடியாது. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை அந்தச் சாலையில் நடப்பதால் இப்போது போகவர நேரம் பிடிக்கும்; அதனால் அலுவலகத்துக்கு நடக்கிற தூரத்தில் அறை பாருங்கள். தாம்பரத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்று அங்கிருந்து சோழிங்கநல்லூர் போய்வர ஆரம்பித்தால், நான் மேலே சொன்ன கதைதான் திரும்பவும்.

தூரம்தான் பிரச்சினை. எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலை ஐந்தரைக்குள் எழும்பூரை விட்டுவிடும். வெள்ளிக்கிழமை அதைப் பிடிக்க அரைநாள் விடுப்பு போட வேண்டும். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் எட்டு மணி வாக்கில் புறப்படுவதால் அதற்குத்தான் அடிதடி. 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்தே பாரத் வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் அது பகல் வண்டி. அதிகாலையில் எழும்பூரில் ஏறினால் மதியம் நாகர்கோவில்; ஞாயிறு மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஏறினால் ராத்திரி பதினொன்றுக்கு எழும்பூர். அங்கிருந்து சோழிங்கநல்லூர் விடுதிக்கு அந்த நேரத்தில் ஒரு பெண் தனியாகப் போக வேண்டும். வாரக்கடைசிக்கு வந்துபோகிறவர்களுக்கு அது சரிவராது. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாவற்றுக்கும் தேதியை எண்ணி, திறக்கிற அன்று காலையிலேயே எடுத்துவிட வேண்டும். பேருந்து என்றால் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்தான். பண்டிகைக்கு முந்தைய நாள் தனியார் பேருந்துக் கட்டணத்தைப் பார்த்தால் ஊருக்கு வருகிற ஆசையே போய்விடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பெருங்குடி விடுதியில் நான்கு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தேன். அதைவிட எனக்குக் கொடுமையாக இருந்தது 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடித்த அன்று காலை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். யாருக்கும் மணி அடிக்கவில்லை. ரப்பர் மரமெல்லாம் சாய்ந்துவிட்டது, மின்கம்பம் எதுவும் நிற்கவில்லை என்று செய்தியில் பார்த்தேன். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்றும் சொன்னார்கள். கிடைத்த பேருந்துகளில் மாறி மாறி மூன்றாம் நாள் வீட்டுப் படியேறிய பிறகுதான் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதே எனக்கு நிச்சயமானது. எழுநூறு கிலோமீட்டர் என்றால் என்ன என்று அந்த மூன்று நாளில் தெரிந்தது. இதற்காக யாரும் தூர ஊருக்குப் போகாமல் இருக்க வேண்டாம். ஆனால் வயதான பெற்றோர் தனியாக இருக்கிற வீடு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேருடைய நம்பரும், எமர்ஜென்சிக்குக் கையில் நாலாயிரம் ரூபாயும் வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, சிறிய விஷயம்தான், ஆனால் முதல் மாதம் மனதைக் குத்தும். நம் பேச்சைக் கேட்டதும் சென்னையில் "நீங்க மலையாளியா?" என்பார்கள். திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்ததும் தமிழ்க்காரர் என்று ஒதுக்கிப் பேசுகிறவர்கள் சிலர் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்வதற்கு எவ்வளவு போராட்டம் நடந்தது என்று தெரிந்த நமக்கு இரண்டுமே வலிக்கும். பேச்சை மாற்றிக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளில் அவர்கள் காது பழகிவிடும்.

திருவனந்தபுரத்தில் தங்குவது

டெக்னோபார்க் 1990-ல் தொடங்கியது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுதான். நம் மாவட்டத்து எல்லையிலிருந்து இவ்வளவு பக்கத்தில் அது இருந்தும், கல்லூரிகளில் பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று மட்டும் கனவு காண்பது எனக்கு வருத்தம். இங்கே சிறிய நிறுவனங்கள் நிறைய. சிறிய குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் உண்மையான வேலை சீக்கிரமே வந்து சேரும். சோறு, மீன் குழம்பு, மரச்சீனி, சாயா எல்லாம் நம் ருசி. வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். டிக்கெட் கிடைக்குமா என்ற கவலை இல்லை.

குறைகளும் உண்டு. சம்பளம் ஏறுகிற வேகம் குறைவு. இரண்டாவது வேலை தேடும்போது வாய்ப்புகள் குறைவாகத்தான் தெரியும். மலையாளம் பேசினால் எல்லையை ஒட்டிய விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்குப் புரியும், ஆனால் பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் அலுவலகப் பேச்சே சிரமம். எழுத்தை ஒரு மாதத்தில் படித்துவிடலாம், சோம்பல்படாமல் படியுங்கள். மாநில எல்லை என்ற ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2020 ஊரடங்கில் களியக்காவிளையில் பாஸ் இல்லாமல் யாரும் கடக்க முடியவில்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் இருந்தார்கள்.

பெங்களூர்

பெங்களூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனதில் அதற்கு இடம் இரண்டாவது வேலைக்குத்தான். இரண்டு வருட அனுபவத்தோடு போனால் அந்த ஊர் கைநிறையக் கொடுக்கும். 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாக மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு ஓசூர் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துச் சிரமமும் குறைந்திருக்கிறது. தமிழ் பேசியே சமாளிக்கலாம், ஆனால் கன்னடம் நாலு வார்த்தை கற்றுக்கொள்வது மரியாதை. 2024 கோடையில் தண்ணீருக்குப் பட்ட பாட்டை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஊருக்கு வருவது இன்னும் கடினம். திருவனந்தபுரம் சுற்றி வருகிற ஐலேண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் மதியம் தாண்டித்தான் வந்து சேரும். மதுரை வழியாக வருகிற நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுவந்து விடும், ஆனால் இடம் கிடைப்பது அரிது. பெங்களூரில் தனி வீடு எடுத்தால் ஆறு மாதம், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிற பழக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. உதவித்தொகை 15,000 வாங்குகிற, வேலை உறுதியில்லாத ஒரு பிள்ளையை அந்த ஊருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. 25,000-க்கு மேல் தருகிற இன்டர்ன்ஷிப் என்றால் பேச்சு வேறு.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கு

மேலே சொன்னது பெரும்பாலும் ஐ.டி. வேலைக்கு. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் படித்தவர்களுக்கு வரிசையே மாறுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு ஈடாகத் திருவனந்தபுரத்தில் ஒன்றும் இல்லை; அவர்களுக்குச் சென்னைதான். ஆனால் அதற்கு முன் ஒரு வருடம் உதவித்தொகையோடு தொழில் பழகும் அப்ரண்டிஸாக இருக்க நம் பக்கத்திலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன: மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளம் அணுமின் நிலையம், தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு 2019 விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாயாக இருந்தது. தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, விண்ணப்பம் இணையத்தில். இங்கே வேலை உறுதியாகாது. ஆனால் அந்தச் சான்றிதழோடு ஒரகடம் போகிறவரும் வெறுங்கையோடு போகிறவரும் ஒன்றல்ல.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய். சென்னையில் அது விடுதிக்கே காணாது. வீட்டிலிருந்தே போகிற தூரத்தில் இடம் கிடைத்தால் மட்டும் எடுங்கள். பி.காம். முடித்துச் சி.ஏ. படிக்கிறவர்களுக்கு ஆடிட்டரிடம் பயிற்சி பெறுகிற ஆர்டிகிள்ஷிப் 2023-லிருந்து மூன்று வருடம் இல்லை, இரண்டு வருடம்தான். நாகர்கோவிலில் நல்ல ஆடிட்டர் கிடைத்தால் அதை இங்கேயே முடித்துவிட்டு, தகுதி பெற்ற பிறகு நகரத்துக்குப் போகலாம் என்பது என் எண்ணம்.

கையெழுத்துப் போடும் முன்

எந்த ஊரானாலும் சில விஷயங்களில் நான் பட்டதை நீங்கள் படக் கூடாது. சென்னையில் என் முதல் விடுதியில் இரண்டு மாத முன்பணம் வாங்கினார்கள், ரசீது தரவில்லை. காலி செய்தபோது வெள்ளை அடித்த செலவு என்று சொல்லி ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை. கேட்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கு 2014 சட்டப்படி உரிமம் வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசு நடத்துகிற தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கின்றன. அலுவலகம் அந்தத் திசையில் என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

வேலை தருவதற்குப் பணம் கேட்டால், அது பயிற்சிக் கட்டணமோ டெபாசிட்டோ எதுவானாலும் கொடுக்காதீர்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. இத்தனை மாதம் வேலையை விட மாட்டேன் என்கிற பாண்டில் கையெழுத்துக் கேட்டால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்பதை வீட்டில் ஒருவர் படித்த பிறகு போடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சியாளரையும் அப்ரண்டிஸையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். "நீ நிரந்தரம் இல்லையே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சித்தி மகள் என்ன செய்தாள் என்று சொல்கிறேன். நோட்டை மூடிவிட்டு மறுநாள் இரண்டு இடத்துக்கும் போன் செய்யச் சொன்னேன். ஒரே கேள்வி: முதல் ஆறு மாதம் நான் யாரிடம் என்ன வேலை கற்றுக்கொள்வேன்? சென்னையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எந்தத் திட்டம், எந்தக் குழு என்று சேர்ந்த பிறகுதான் தெரியும் என்றார்; நாட்டில் எங்கு வேண்டுமானாலும் அனுப்புவோம் என்று கடிதத்திலேயே ஒரு வரி இருந்தது. திருவனந்தபுரத்தில் அந்தக் குழுவின் தலைவியே போனில் வந்தார். ஆறு பேர், மருத்துவமனைகளுக்கான மென்பொருள், முதல் இரண்டு மாதம் பிழை தேடுவது, மூன்றாம் மாதத்திலிருந்து எழுதுவது என்று விளக்கமாகச் சொன்னார். இருபது நிமிடம் பேசினார்கள். சென்னைக்காரர்கள் இதே பதிலைச் சொல்லியிருந்தால் அவளை நான் தாம்பரம் ரயிலில் ஏற்றியிருப்பேன்.

சித்தப்பாவுக்கு ஆறாயிரம் ரூபாய் வாடகைதான் உறுத்தல். "அம்பது கிலோமீட்டருக்கு அறையா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த 88 மணி நேரக் கணக்கை எழுதிக் கொடுத்தேன்; பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை அவரே அவளைக் கூட்டிக்கொண்டு கழக்கூட்டம் போய், மூன்று விடுதி ஏறி இறங்கி, ஒன்றில் முன்பணம் கட்டினார். ரசீது கேட்டு வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு மாலை குழித்துறையில் ரயில் ஏற்றிவிட நானும் போகிறேன்.